வேகவைத்த ஜோடி: நொதிகளைச் சமையலறை மேசையில் சோதிக்கும் முறை

உருளைக்கிழங்குத் துண்டின் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் நுரை பொங்கும். அதைக் காட்டி, நொதி (வினையை வேகப்படுத்தும் என்சைம்) வேலை செய்கிறது பாருங்கள் என்று வகுப்பில் சொல்லிவிடுவார்கள். நுரை மட்டும் சாட்சி ஆகாது. துருப்பிடித்த ஆணியைப் போட்டாலும் அதே திரவம் குமிழி விடும். அதே கிழங்கை வேகவைத்து, ஆறவைத்து, அதே அளவு திரவத்தை ஊற்றி, அங்கே நுரை வராததையும் பார்த்த பிறகுதான் நொதியைப் பார்த்தோம் என்று சொல்லலாம். கீழே உள்ள சோதனைகள் ஒவ்வொன்றுக்கும் இப்படி வேகவைத்த ஒரு ஜோடி உண்டு. நேரம் போதவில்லை என்றால் சோதனைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஜோடியை விட்டுவிடாதீர்கள்.

பள்ளி மாணவர்களையும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது. பொருள்கள் எல்லாம் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ, கடலூர் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் கடைகளிலோ கிடைப்பவை. அளவுகளும் நேரங்களும் நம் ஊர் வெயிலுக்குத் தக்கபடி தரப்பட்டுள்ளன.

வேகவைத்தால் ஏன் நின்றுபோகிறது?

நொதிகளில் ஏறக்குறைய எல்லாமே புரதங்கள். நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி, தனக்கே உரிய ஒரு வடிவத்தில் சுருண்டு மடிந்திருக்கும். அந்த மடிப்புகளுக்கு நடுவே சிறு பள்ளம் ஒன்று இருக்கும். குறிப்பிட்ட மூலக்கூறு அதில் வந்து அமர்ந்ததும் நொதி சற்றே நெகிழ்ந்து அதை இறுக்கிப் பிடிக்கிறது. மூலக்கூறின் பிணைப்புகள் இழுபட்டு, உடைவதற்குத் தேவையான ஆற்றல் குறைந்துவிடுகிறது. உடைந்த துண்டுகள் வெளியேறியதும் பள்ளம் காலியாகி, அடுத்ததை ஏற்கிறது. நொதி செலவாவதில்லை. நடக்கவே முடியாத வினையை அது நடத்துவதும் இல்லை. தானாக நடந்தால் நாள்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஆகக்கூடியதை நொடிகளில் முடிக்கிறது.

1894இல் வேதியியலாளர் எமில் ஃபிஷர் இந்தப் பொருத்தத்தைப் பூட்டும் சாவியும் என்று விளக்கினார். அமரும்போது நொதியும் வடிவம் மாறுகிறது என்று உயிர்வேதியியலாளர் கோஷ்லாண்ட் 1958இல் திருத்தினார். சுடுநீரில் உடைவது இந்த மடிப்புதான். சங்கிலி அப்படியே இருக்கும், வடிவம் போய்விடும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததும் வெளுத்துக் கெட்டியாவது இதே நிகழ்வு. ஆறினால் அது பழையபடி ஆகாதல்லவா? பெரும்பாலான நொதிகளும் அப்படியே.

குளிரின் கதை வேறு. குளிர் வடிவத்தை உடைப்பதில்லை, மூலக்கூறுகள் மோதும் வேகத்தைத்தான் குறைக்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் நொதியின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், இறங்கினால் பாதியாகும் என்று வைத்துக்கொள்ளலாம். கடலூர் முதுநகரில் படகிலிருந்து மீன் இறங்கியதும் ஐஸ் போடுவது பாக்டீரியாவுக்காக மட்டும் அல்ல. வயிறு நிறைய இரை தின்ற மத்தி மீனில், செத்த பிறகும் குடல் நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. மீனின் வயிற்றுச் சுவரையே கரைத்துவிடும். வயிறு வெடித்த மத்தியை ஆகாது என்று பெண்கள் ஒதுக்குவது இதனால்தான். 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ் என்பது நம் வெயிலுக்குச் சரியான கணக்கு. ஐஸ் உருகி ஓடிவிட்டால் நொதி விட்ட இடத்திலிருந்து தொடரும்.

முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு நான்கைந்து வாங்குங்கள். அளப்பதற்கு அதைவிட மலிவான கருவி இல்லை. ஒரு திரவத்துக்கு ஒரு சிரிஞ்சு என்று பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். வேகாத சாறு ஒரு துளி வேகவைத்த குழாய்க்குள் போனாலே ஜோடி கெட்டுப்போகும். ஒல்லியான உயரக் கண்ணாடி டம்ளர்கள், வெள்ளைப் பீங்கான் தட்டு, செல்போனில் உள்ள நிறுத்துக் கடிகாரம் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, அது 42 டிகிரியோடு நின்றுவிடும். 0 முதல் 110 டிகிரி வரை காட்டும் ஆய்வகத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் என்பதால் கேன் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

வேகவைத்த ஜோடியைத் தயாரிக்க: எடுத்த சாற்றில் பாதியைக் கொதிநிலையில் 10 நிமிடம் வைக்க வேண்டும். கொதிக்கும்போது நீர் ஆவியாகிக் குறையும். குறைந்த அளவுக்குத் தண்ணீர் சேர்த்து முந்தைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த குழாயின் வெப்பத்துக்கு ஆறிய பிறகே பயன்படுத்துங்கள். சூடாகவே ஊற்றினால் ஒப்பிடுவதற்கு அர்த்தம் இல்லை.

உருளைக்கிழங்கும் பெராக்சைடும்

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6%. அதே அளவு தண்ணீர் கலந்தால் 3% ஆகும். கண்ணில் படக்கூடாது, கையில் பட்டால் தோல் வெளுத்து எரியும், ஆகவே கண்ணாடி அணிந்து செய்யுங்கள். திறந்த பாட்டில் நாளாக நாளாக வீரியம் இழக்கும். திறந்த தேதியை லேபிளில் எழுதி, இருட்டில் வையுங்கள்.

தோல் சீவிய உருளைக்கிழங்கு 20 கிராமை 40 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் அரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். பாதியை வேகவையுங்கள். மீதியை ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். சாறு பழுப்பாகிக்கொண்டே வருவதைக் காண்பீர்கள். அது வேறொரு நொதி, செம்பு கொண்ட பாலிஃபீனால் ஆக்சிடேஸ், காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்துச் செய்யும் வேலை. நறுக்கிய கத்தரிக்காயும் வாழைப்பூவும் கறுப்பது இதனால்தான். வாழைப்பூவை மோரில் போடுவதும் இதற்காகவே, மோரின் புளிப்பில் அந்த நொதி மந்தமாகிவிடும்.

உயரமான டம்ளரில் 3% பெராக்சைடு 5 மி.லி., பாத்திரம் கழுவும் திரவம் 1 துளி. அதில் வேகாத சாறு 2 மி.லி. விட்டதும் கடிகாரத்தை ஓடவிட்டு, 30 நொடிக்கு ஒருமுறை நுரையின் உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். வேகவைத்த சாற்றுக்கும் அப்படியே. 3% பெராக்சைடு தன் அளவைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு ஆக்சிஜன் தரும், 5 மி.லி.க்கு 50 மி.லி. வாயு. டம்ளர் சிறியதாக இருந்தால் வழிந்துவிடும். பெராக்சைடை உடைக்கும் இந்த நொதியின் பெயர் கேட்டலேஸ். ஆட்டு ஈரலில் அது மிக அதிகம். ஈரல் என்றால் 1 கிராமை 50 மி.லி. தண்ணீரில் கரைத்தால் போதும், இல்லையேல் அளப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கேட்டலேஸ் இரும்பைத் தாங்கிய நொதி, ஒரு மூலக்கூறே நொடிக்குப் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளை உடைக்கும். நம் செல்களில் வளர்சிதை மாற்றத்தின் போது பெராக்சைடு உருவாகிக்கொண்டே இருப்பதால், அது சேராமல் இருக்க இந்த வேகம் உதவுகிறது.

சோதனையின் சுவையான பகுதி நுரை நின்ற பிறகுதான் தொடங்குகிறது. இரண்டு டம்ளர்களில் நுரை நின்றதும், ஒன்றில் புதிய சாறு 2 மி.லி. விடுங்கள். எதுவும் நடக்காது. மற்றதில் புதிய பெராக்சைடு 5 மி.லி. விடுங்கள். மறுபடி பொங்கும். தீர்ந்தது பெராக்சைடு, நொதி அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இரண்டாம் முறை சற்று மெதுவாகப் பொங்கினால் கவலை வேண்டாம். சாறு நீர்த்துவிட்டது, பெராக்சைடும் கேட்டலேஸைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதப்படுத்தும்.

வேகவைத்த சாறும் நுரைத்தால் மூன்று இடங்களில் தேடுங்கள்: சிரிஞ்சு மாறியிருக்கும், சாறு நடுவரை சூடேறாமல் அரைவேக்காட்டில் இருந்திருக்கும், அல்லது கத்தியிலும் மிக்ஸி பிளேடிலும் துரு இருந்திருக்கும்.

உமிழ்நீரும் கஞ்சியும்

எல்லோரும் செய்வது இந்தச் சோதனையைத்தான். அதிகம் ஏமாறுவதும் இதில்தான். கார்ன்ஃப்ளோர் 1 கிராமைக் குளிர்ந்த நீரில் குழைத்து, 100 மி.லி. கொதிநீரில் ஊற்றி, கண்ணாடிபோல் தெளியும்வரை கிளறி, ஆறவிடுங்கள். அயோடினுக்கு, பீட்டாடின் போன்ற போவிடோன் அயோடின் கரைசல் 1 மி.லி.யை 20 மி.லி. தண்ணீரில் கலந்தால் இளம் தேநீர் நிறம் வரும், அது போதும்.

வாயைத் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்து, 5 நிமிடம் கழித்து 1 மி.லி. உமிழ்நீர் சேகரித்து, 9 மி.லி. தண்ணீர் சேருங்கள். டீயோ வெற்றிலைப் பாக்கோ எடுத்த உடனே செய்யாதீர்கள், அவற்றில் உள்ள டேனின் புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். அவரவர் உமிழ்நீரை அவரவரே கையாள வேண்டும், அடுத்தவருடையதைத் தொடக்கூடாது.

வெள்ளைத் தட்டில் அயோடின் துளிகளை வரிசையாக வையுங்கள். 5 மி.லி. கஞ்சியில் 1 மி.லி. நீர்த்த உமிழ்நீரைக் கலந்து, 30 நொடிக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து அயோடின் துளியில் விடுங்கள். முதலில் கருநீலம், பிறகு ஊதா, பிறகு செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சள். அயோடினை நீலமாக்கும் ஸ்டார்ச் (மாவுச்சத்து) சங்கிலி துண்டுதுண்டாவதை நிறத்திலேயே படிக்கலாம். செம்பழுப்பு வந்தால் சங்கிலி டெக்ஸ்ட்ரின் எனும் குட்டைச் சங்கிலி அளவுக்குக் குறுகிவிட்டது என்று பொருள். ஒருவருக்கு இரண்டு நிமிடத்தில் நிறம் போகும், பக்கத்தில் இருப்பவருக்குப் பத்து நிமிடம் ஆகும். ஸ்டார்ச்சை வெட்டும் உமிழ்நீர் நொதியான அமைலேஸைத் தரும் மரபணுவின் பிரதிகள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. உமிழ்நீர் சுரக்கும் அளவும் வேறு. இதில் யாரும் தேறவும் இல்லை, தவறவும் இல்லை.

குளிர்நாட்டுக் கையேடுகள் 37 டிகிரி வெந்நீர்த் தொட்டி கேட்கும். மே மாதத்தில் நம் பக்கம் அறைக்குள்ளேயே 33, 34 டிகிரி இருக்கும், தொட்டி இல்லாமலே ஓடும். மார்கழிக் காலையில் செய்தால் மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே நேரத்தோடு அறை வெப்பத்தையும் எழுதுங்கள். அந்த எண் இல்லாமல் இரண்டு வகுப்புகளின் முடிவுகளை ஒப்பிடவே முடியாது. வெப்பத்தின் விளைவைக் காட்ட மூன்று குழாய்கள்: ஒன்று அறையில், ஒன்று ஐஸில், ஒன்று வேகவைத்தது. ஐஸில் இருக்கும் குழாயில் நீலம் நெடுநேரம் மாறாது. அதை வெளியே எடுத்து வைத்தால் வேலையைத் தொடங்கிவிடும். வேகவைத்ததை நாள் முழுக்க வைத்தாலும் நீலமே.

இப்போது மூன்று பொறிகள். முதலாவது, கஞ்சி சூடாக இருக்கும்போது அயோடின் விட்டால் நீலம் மறையும். ஆறினால் திரும்பி வரும். நொதி இல்லாமலேயே இது நடக்கும். இரண்டாவது, புளிப்பின் விளைவைக் காட்ட எலுமிச்சைச் சாறு விடுவார்கள். அதிலுள்ள வைட்டமின் சி அயோடினையே அழித்துவிடும், நீலம் போய்விடும், அமிலத்தில் நொதி பிரமாதமாக வேலை செய்கிறது என்று தலைகீழான முடிவு கிடைக்கும். வினிகரைப் பயன்படுத்துங்கள். மூன்றாவது, காரத்துக்காகச் சலவை சோடா போட்டாலும் அயோடினின் நிறம் போகும். மூன்றையும் காட்டிக்கொடுப்பது வேகவைத்த ஜோடிதான்: அங்கேயும் நீலம் மறைந்தால் உங்கள் சோதனை நொதியைப் பற்றியது அல்ல.

உமிழ்நீர் அமைலேஸுக்குப் பிடித்த பி.எச். (அமில, கார அளவு) 6.7 முதல் 7 வரை. வினிகர் 1 மி.லி. சேர்த்த குழாயில் நீலம் அப்படியே நிற்கும். விழுங்கிய சோறு இரைப்பை அமிலத்தில் ஊறியதும் ஸ்டார்ச் உடைவது நின்று, சிறுகுடலில் கணையத்தின் அமைலேஸ் வந்த பிறகே தொடர்வது இதனால்.

முளைகட்டிய கேழ்வரகு

உமிழ்நீர் வேண்டாம் என்பவர்களுக்கு இது. வீட்டிலும் நேரடியாகப் பயன்படும். கேழ்வரகை 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி 48 மணி நேரம் முளைக்கவிடுங்கள். முளைக்கும் விதை தன் சேமிப்பு ஸ்டார்ச்சைக் கரைக்க அமைலேஸை உண்டாக்கும். பூஞ்சை வாடை அடித்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். வெயிலில் காயவையுங்கள், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபேன் அடியில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். வறுக்காமல் அரையுங்கள். ஒரு பங்கை மட்டும் மணம் வரும்வரை வறுத்து அரைத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் ஜோடி.

அரிசி மாவு 20 கிராமை 150 மி.லி. தண்ணீரில் காய்ச்சினால் கரண்டியில் ஒட்டும் கெட்டிக் கஞ்சி வரும். இரண்டு கிண்ணத்தில் ஊற்றி 60 டிகிரிக்கு ஆறவிடுங்கள். ஒன்றில் வறுக்காத மாவு அரை டீஸ்பூன், மற்றதில் வறுத்தது அரை டீஸ்பூன் போட்டுக் கிளறுங்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் முதல் கிண்ணம் நீர்போல் இளகி ஓடும். இரண்டாவது கெட்டியாகவே இருக்கும். கொதிக்கும் கஞ்சியில் போட்டால் இரண்டுமே இளகாது. சிறு குழந்தைக்கு மாவின் அளவைக் குறைக்காமலே கஞ்சியை இளக்கிக் கொடுக்க இந்த முறை உதவும். இளகிய பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு, ஆறவைத்துக் கொடுங்கள். சத்துமாவு வாங்கி, கஞ்சி ஏன் இளகவில்லை என்று கேட்பவர்களுக்கு விடை அந்த வறுப்பில் இருக்கிறது.

அன்னாசி, ஜெலட்டின், கடல்பாசி

ஒரு நொதிக்கு ஒரு வேலை என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் சோதனையை நாங்கள் அறியோம். அன்னாசியில் புரோமிலெய்ன் இருக்கிறது, அது புரதத்தை வெட்டும். ஜெலட்டின் புரதம். கடல்பாசி எனும் சைனா கிராஸ் சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன சங்கிலி. அதில் அன்னாசிக்கு வேலை இல்லை.

100 மி.லி. சுடுநீரில் ஜெலட்டின் 5 கிராம். வேறு பாத்திரத்தில் 100 மி.லி. தண்ணீரில் கடல்பாசி 1 கிராம், முழுதும் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். இரண்டையும் 45 டிகிரிக்கு ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு கிண்ணத்தில் பிரித்து ஊற்றுங்கள். ஒன்றில் பச்சை அன்னாசி 25 கிராம், மற்றதில் 10 நிமிடம் வேகவைத்து ஆறவைத்த அன்னாசி 25 கிராம். நான்கையும் ஃபிரிட்ஜில் 4 மணி நேரம் வையுங்கள். பச்சை அன்னாசி போட்ட ஜெலட்டின் மட்டும் உறையாது.

45 டிகிரி என்ற எண்ணில் இரு பக்கமும் ஆபத்து உண்டு. கொதிக்கும் ஜெலட்டினில் பழத்தைப் போட்டால் புரோமிலெய்ன் வெந்து எல்லாமே உறைந்துவிடும். 40க்குக் கீழே விட்டால் கடல்பாசி பாத்திரத்திலேயே உறைந்துவிடும். ஃபிரிட்ஜ் இல்லாமல் செய்யவும் முடியாது. நம் ஊர் வெப்பத்தில் ஜெலட்டின் பழம் இல்லாமலே உறையாது. அன்னாசிக்குப் பதில் பப்பாளி போடலாம், காயாக இருக்க வேண்டும். பழுத்ததில் புரதத்தை வெட்டும் பப்பெய்ன் நொதி குறைவு. காயின் பால் தோலை அரிக்கும், கையுறை போடுங்கள். கறி வேகும்போது பப்பாளிக்காய்த் துண்டு போடுவது பலன் தருவதற்குக் காரணம், பப்பெய்ன் 60, 65 டிகிரியிலும் தாக்குப்பிடிப்பது. அடுப்பில் ஏற்றியவுடன் கொதிக்கவிட்டால் அந்தப் பலன் போய்விடும்.

சோயாவும் யூரியாவும்

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். பச்சை சோயா பீன்ஸ் 5 கிராமைப் பொடித்து 50 மி.லி. தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். சோயா கிடைக்காவிட்டால் கொள்ளு, அளவை இரட்டிப்பாக்குங்கள். மீல் மேக்கர் உதவாது, அது ஏற்கெனவே சூட்டில் பதப்படுத்தியது. யூரியா 1 கிராமை 50 மி.லி. தண்ணீரில் கரையுங்கள், வேப்பெண்ணெய் பூசிய உர யூரியாவே போதும், மேலே மிதக்கும் எண்ணெயை வடிகட்டிவிடுங்கள். மஞ்சள்தூளைச் சிறிது சானிடைசரில் கரைத்துத் தெளிந்த மேல்நீரை எடுத்தால் அதுவே காட்டி: காரத்தில் சிவக்கும். சானிடைசர் எரியும் பொருள், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

யூரியா கரைசல் 10 மி.லி., சோயா சாறு 5 மி.லி., மஞ்சள் காட்டி 5 துளி. சோயாவில் உள்ள நொதி யூரியாவை உடைத்துக் காரமான அமோனியாவைத் தருவதால், சிறிது நேரத்தில் மஞ்சள் செம்பழுப்பாகும், அரை மணிக்குள் அமோனியா வாடையும் வரும். வேகவைத்த சாறு விட்ட குழாய் மஞ்சளாகவே நிற்கும். யூரியா இல்லாமல் சாறு மட்டும் விட்ட மூன்றாவது குழாயும் இங்கே தேவை, சாறே காரமாக இருந்தால் அது சொல்லிவிடும். டம்ளரில் சோப்பு மிச்சம் இருந்தால் மூன்றுமே சிவக்கும். அப்படியானால் நன்றாக அலசிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

யூரியேஸ் என்ற இந்த நொதியைத்தான் ஜேம்ஸ் சம்னர் 1926இல் ஒரு வகைத் தம்பட்டை அவரைக்காயின் விதையிலிருந்து முதன்முதலில் படிகமாக்கி, நொதி என்பது புரதம் என்று காட்டினார். ஏற்காதவர்கள் பலர், 1946இல் நோபல் பரிசு கிடைத்தது. இதே நொதி மண்ணிலும் நிறைய இருக்கிறது. காய்ந்த வயலின் மேலாக யூரியாவைத் தூவிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சாமல் விட்டால், உங்கள் டம்ளரில் வந்த அதே வாடையாக உரம் காற்றில் போகும்.

வேலை முடிந்ததும் உமிழ்நீர் பட்ட எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலில் அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். யூரியாக் குழாய்களையும் பெராக்சைடு டம்ளர்களையும் முதலில் தண்ணீரில் நன்றாக அலசிய பிறகே அந்தக் கரைசலுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள்; அமோனியாவும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். மீந்த யூரியா கரைசலை 20 பங்கு தண்ணீர் சேர்த்துத் தென்னை மரத்தடியில் ஊற்றலாம். சோதனைக்கு எடுத்த பழத்தையும் கஞ்சியையும் யாரும் சாப்பிடக்கூடாது.